துணியைப் பார்த்தோம், மனிதர்களைப் பார்க்கவில்லை

உலக சினிமா பேசும் நாம் ஆவணப்படங்களைக் கடைசிப் பந்தியில்தான் உட்கார வைத்திருக்கிறோம். திரையிட்டால் பாதியில் டீ குடிக்க எழுந்து போனோம். சிறப்பிதழ் போட்டால் கடைசிப் பக்கத்தில் நாலு வரி ஒதுக்கினோம். அந்த அலட்சியத்தில் எவ்வளவு இழந்தோம் என்பதற்கு இரண்டு படங்கள் போதும்.

1976 செப்டம்பரில் கலைஞர்கள் கிறிஸ்டோவும் ழான்-க்ளோடும் கலிஃபோர்னியாவின் சொனோமா, மரின் மாவட்டங்களில் சுமார் 39 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளை நைலான் துணியால் வேலி நிறுத்தினார்கள். உயரம் ஐந்தரை மீட்டர். குன்றுகளில் ஏறி இறங்கிக் கடலுக்குள் போய் முடிந்த அந்த வேலி 14 நாள்தான் நின்றது. அதன் புகைப்படங்களை வியந்ததோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். மேசல்ஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் எடுத்த 'ரன்னிங் ஃபென்ஸ்' படமோ, அந்தக் கலைஞர்கள் பண்ணைக்காரர்களிடம் அனுமதி கேட்டு அலைந்ததையும் பொது விசாரணைகளில் நடந்த வாக்குவாதத்தையும் பொறுமையாகக் காட்டுகிறது. நிலைக்காத ஒன்று எப்படிக் கலையாகும் என்ற பேச்சுக்கு நடுவே ஒரு பண்ணை வீட்டுப் பெண் எழுகிறார். தான் பாடுபட்டுச் சமைப்பதும் சில சமயம் கலைதான், அதுவும் சாப்பிட்டதும் காணாமல் போகிறதே என்கிறார் அவர். கலை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம் அவர் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை.

யூதர் படுகொலை பற்றிய படங்களிலும் இதே குற்றம்தான். முகாம்களையும் முள்வேலிகளையும் பார்த்துக் கண்கலங்கினோம். தப்பியவர்களுக்குக் கதவு திறந்தவர் யார் என்று கேட்கவில்லை. ஆவணப்பட இயக்குநர் பியேர் சொவாஜ் கேட்டார். நாஜிகளின் பிடியில் இருந்த பிரான்ஸில், யூதப் பெற்றோர் ஒளிந்திருந்த ல ஷாம்போன் என்ற மலைக்கிராமத்தில் 1944இல் பிறந்தவர் அவர். வளர்ந்தபின் அங்கே திரும்பிப் போய் எடுத்த படம்தான் 1989இல் வந்த 'வெப்பன்ஸ் ஆஃப் த ஸ்பிரிட்'. உயிரைப் பணயம் வைத்து ஏன் அடைக்கலம் கொடுத்தீர்கள் என்று முதிய விவசாயிகளிடம் கேட்கிறார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் தோளைக் குலுக்குகிறார்கள். மத ஒடுக்குமுறையைத் தலைமுறைகளாக அனுபவித்த புராட்டஸ்டன்ட் சிறுபான்மையினர் அவர்கள்.

வியக்கத்தக்க செயல் எதுவும் பெயர் தெரியாதவர்களின் சம்மதத்தில்தான் நடக்கிறது. அந்தச் சம்மதத்தைப் பதிவு செய்த படங்களை நாம் ஒதுக்கினோம். திரைப்படச் சங்கங்கள் நடத்தும் நண்பர்களே, இந்த இரண்டு படங்களையும் ஒரே நாளில் திரையிடுங்கள். முழுதாகப் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள்.