அயல்வீட்டுப் பிள்ளையாக ஓராண்டு

பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவர் ஒருவர், ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு முழுவதும் வேறொரு நாட்டில், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் அவர்களுடைய பிள்ளையைப் போலத் தங்கி, அவ்வூர்ப் பள்ளியில் படித்துத் திரும்பும் ஏற்பாட்டை மாணவர் பரிமாற்றம் என்கிறோம். மேற்படிப்புக்காகக் கடல் கடப்பதிலிருந்து இது முற்றிலும் வேறானது. இதில் பட்டம் கிடையாது. வேலைக்கான உறுதியும் கிடையாது. கிடைப்பவை ஒரு வீடும் ஒரு வகுப்பறையும் பத்து மாதங்களும்தான். தலித் மாணவர்களின் வெளிநாட்டுக் கல்வி குறித்துத் தமிழ்நாட்டில் நடைபெறும் விவாதங்களில் இந்தப் பத்து மாதங்கள் இடம்பெறுவதே இல்லை. அவை ஏன் இடம்பெற வேண்டும் என்பதைப் பேசவே இந்தக் கட்டுரை.

இந்த ஏற்பாட்டின் வரலாறு போர்களோடு பிணைந்தது. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச்செல்ல 1915-இல் பிரான்சில் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் அணிதான், இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஏ.எஃப்.எஸ். என்னும் மாணவர் பரிமாற்ற அமைப்பாக மாறியது. பகை நாட்டுப் பிள்ளை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து உண்டால் அடுத்த போர் கடினமாகும் என்பது அந்த ஓட்டுநர்களின் கணக்கு. ரோட்டரி சங்கத்தின் இளையோர் பரிமாற்றம் அதற்கும் முன்னதாக, 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் தொடங்கியது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, இஸ்லாமியர் கணிசமாக வாழும் நாடுகளின் பள்ளி மாணவர்களைத் தம் செலவிலேயே அழைத்துச் சென்று படிக்கவைக்க அமெரிக்க வெளியுறவுத் துறை 2002-இல் 'யெஸ்' திட்டத்தை உருவாக்கியது. இந்திய மாணவர்களும் அதில் சென்றுவந்திருக்கிறார்கள். வல்லரசின் நலன் இதில் இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதன் வழிமுறை கவனிக்கத்தக்கது. வெறுப்பைக் கரைக்க அவர்கள் கருத்தரங்கு நடத்தவில்லை, நூல் அச்சிடவில்லை. ஒரு வீட்டுக்குள் அனுப்பினார்கள்.

சாதியை அறிந்தவர்களுக்கு இந்த வழிமுறையின் கூர்மை உடனே புரியும். திண்ணைவரை இன்னார், நடைவரை இன்னார், முற்றம்வரை இன்னார், அடுப்பங்கரைக்குள் எவர் என்று மனிதர்களை அளந்து நிறுத்தும் இடமாகவே இங்கு வீடு கட்டப்பட்டிருக்கிறது. பள்ளியில் அருகருகே அமர்பவர்கள், அலுவலகத்தில் ஒன்றாக உழைப்பவர்கள், மாலையானதும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகாத ஊர்கள் எத்தனை! சாதி கடைசியாகக் காவல் நிற்கும் இடத்தில்தான் பரிமாற்றம் தொடங்குகிறது. போய்ச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பிள்ளையிடம் வீட்டுச் சாவி தரப்படுகிறது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவுவதும், குப்பையை வெளியே வைப்பதும், நாயை நடத்திக்கூட்டிப் போவதும் அந்த வீட்டின் மற்ற பிள்ளைகளுக்கு உள்ளதுபோலவே பங்கிடப்படுகின்றன. அமெரிக்காவில், பள்ளிப் பரிமாற்ற மாணவரை ஏற்கும் குடும்பத்துக்கு நிறுவனங்கள் கூலி எதுவும் தருவதில்லை. வாடகை தரத் தயாராக இருந்தும், சாதியைக் கேட்டதும் வீடில்லை என்று திருப்பியனுப்பப்படும் ஒரு மாநகரத்திலிருந்து போகும் பிள்ளைக்கு இது சிறிய செய்தியன்று.

அண்மையில் கரையான்சாவடியில், எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர்களிடம் இத்திட்டங்களை விளக்கிக்கொண்டிருந்தோம். உதவித்தொகை எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு தேவை என்றெல்லாம் கேட்பார்கள் என எதிர்பார்த்தோம். ஒரு மாணவியின் முதல் கேள்வி வேறாக இருந்தது: "அப்போ அந்த ஊர்ப் பொண்ணும் நம்ம வீட்டுல வந்து தங்கணுமாண்ணா? எங்க பாத்ரூம் நாலு குடும்பத்துக்கும் சேர்த்து ஒண்ணுதான்."

இந்த ஏற்பாட்டின் அடித்தளத்தையே அவள் தொட்டுவிட்டாள். 'பரிமாற்றம்' என்ற சொல்லுக்குக் கொடுக்கல் வாங்கல் என்றே பொருள். ரோட்டரி வழியில் பிள்ளையை அனுப்பும் குடும்பம், வெளிநாட்டு மாணவர் ஒருவரைத் தன் வீட்டில் தங்கவைப்பது பல இடங்களில் எதிர்பார்க்கப்படுகிறது. வரும் பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும், படிக்க இடம் வேண்டும். பூந்தமல்லியின் ஒண்டுக்குடித்தனங்களிலும் அம்பத்தூர், ஆவடித் தொழிற்பேட்டைகளை நம்பி வாழும் குடும்பங்களின் ஒற்றையறை வாடகை வீடுகளிலும் இதற்கு வழியில்லை. இன்னொரு வாசல், பணம் கட்டிச் செல்வது. அதற்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். அரசு நிதியில் இயங்கும் 'யெஸ்' போன்ற திட்டங்கள் செலவு முழுவதையும் ஏற்கின்றன. எனினும் ஆங்கிலத்தில் கட்டுரை, ஆங்கிலத்தில் நேர்காணல், விவரத்தை முன்கூட்டியே அறிந்து வழிகாட்டும் ஒரு பள்ளி ஆகியவை இருந்தால்தான் விண்ணப்பமே உருப்பெறும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் இத்தகைய அறிவிப்பு ஒட்டப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. 'சாதி பார்ப்பதில்லை' என்று எல்லா அமைப்புகளும் சொல்லலாம். வீட்டைப் பார்த்தாலே போதும், சாதி தானாக வடிகட்டப்பட்டுவிடும்.

தப்பித்தவறி இந்த வடிகட்டலைக் கடந்து சென்றுவிட்ட தலித் மாணவரின் அனுபவம் அங்கே எப்படி இருக்கும்? அதை இனிய கனவாக மட்டும் வரைந்துகாட்ட எங்களுக்கு விருப்பமில்லை. முதல் சில வாரங்களின் மொழித் திணறல், உணவு ஒவ்வாமை, இரவில் அம்மாவின் நினைவு எல்லாம் எல்லோருக்கும் பொது. கருப்பு நிறத் தோலுக்கு அந்நாட்டுப் பள்ளி வளாகங்கள் தரும் பார்வை வேறு. 2009-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ராண்டன் நகரில், பரிமாற்ற மாணவர்கள் பாழடைந்த வீடுகளில் போதிய உணவின்றித் தங்கவைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. அதன் பின்னரே, ஏற்கும் குடும்பங்களின் பின்னணியைச் சோதிக்கும் விதிகளை அமெரிக்க அரசு இறுக்கியது. உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதந்தோறும் மாணவரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது விதி. புகார் செய்தால் வீடு மாற்றித் தருவார்கள். மூத்தவர் மனம் நோகுமே என்று எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, புகார் செய்யப் பழக்குவதே முதல் பயிற்சியாக இருக்க வேண்டும்.

ஆனால் தலித் மாணவருக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பரிமாற்ற மாணவர் தம் நாட்டின் 'இளம் தூதர்' என்று அழைக்கப்படுகிறார். நவம்பர் மாதத்தில் பன்னாட்டுக் கல்வி வாரம் வரும். வகுப்பறையில் நின்று உன் நாட்டைப் பற்றிச் சொல், உன் உணவைச் சமைத்துக் காட்டு, உன் ஆடலை ஆடிக் காட்டு என்பார்கள். எந்த நாட்டை? புறப்படும் முன்பே பட்டுச் சேலை, குத்துவிளக்கு, பரதநாட்டியப் படம் எனப் பெட்டியில் அடுக்கித் தரப்படும் ஒரு 'இந்தியப் பண்பாடு' உண்டு. இந்தியர் என்றாலே சைவ உணவினர் என்று நம்பியிருக்கும் அந்த வீட்டாரிடம், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறிக் குழம்பு என்று அந்தப் பிள்ளை சொல்லுமா? பறையை வாசித்துக் காட்டுமா? ஏப்ரல் 14 அன்று, இது எங்கள் தெருவின் பெருநாள் என்று சொல்லி இனிப்பு வழங்குமா? அல்லது தன்னைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவைத்த பண்பாட்டுக்கே பத்து மாதம் தூதராக இருந்துவிட்டுத் திரும்புமா? பதினாறு வயதில் இந்தக் கேள்வியைத் தனியாகச் சுமக்கவிடுவது கொடுமை. தேர்வுசெய்யும் அமைப்புகளின் முன்பயிற்சியில் அண்ணல் அம்பேத்கரின் வாழ்வும் சாதி எதிர்ப்பின் வரலாறும் 'இந்தியப் பண்பாடாகவே' கற்பிக்கப்பட வேண்டும் என்று நாம் கோருவது இதனால்தான்.

அங்கும் சாதி இருக்கிறது. அந்நாட்டுக் குடும்பம் கேட்காததை, அதே ஊரில் வாழும் இந்தியக் குடும்பம் தீபாவளி விருந்துக்கு அழைத்துக் கேட்கும். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டின் தீர்மானத்துக்குப் பிறகு தமிழர் பெயர்களில் சாதிப் பின்னொட்டு பெருமளவு மறைந்தது. எனவே பெயரைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. "சென்னையில எந்த ஏரியா? அப்பா என்ன பண்றார்? வீட்டுல நான்-வெஜ்ஜா?" என்று சுற்றி வளைப்பார்கள். இதனை அயல்நாட்டுக் கல்வி நிறுவனங்கள் இப்போது ஓரளவு உணரத் தொடங்கியுள்ளன. 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டவரைவை ஆளுநர் நியூசம் கையெழுத்திடாமல் திருப்பியதையும் மறக்கவில்லை. பள்ளி மாணவரைப் பொறுத்தவரை முக்கியமானது டொராண்டோ. 2023 மார்ச்சில் அந்நகரப் பள்ளி வாரியம், தன் பள்ளிகளில் சாதி ஒடுக்குமுறை உண்டென ஒப்புக்கொண்டு தீர்மானம் இயற்றியது. அதைக் கொண்டுவந்த உறுப்பினர் யாழினி ராஜகுலசிங்கம் ஒரு தமிழர். வெளிநாடு செல்லும் நம் மாணவர் எவரும் இந்த விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது திரும்பி வருவது. 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அம்பேத்கருக்கு வயது 22. அமெரிக்காவிலும் லண்டனிலும் வாழ்ந்த ஆண்டுகள், தான் தீண்டப்படாதவன் என்ற நினைவையே துடைத்துவிட்டிருந்தன என்று 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக்குறிப்பில் அவர் சொல்கிறார். பரோடாவில் பணியேற்க வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார்; பதினொன்றாம் நாள் தடிகளோடு வந்தவர்கள் வெளியேறச் சொன்னார்கள். பூங்கா ஒன்றில் அமர்ந்து ஊர் திரும்பும் தொடர்வண்டிக்காகக் காத்திருந்தார். பரிமாற்ற நிறுவனங்கள் ஊர் திரும்பும் மாணவருக்குப் பண்பாட்டு அதிர்ச்சி ஏற்படும் என்று சொல்லி ஒரு நாள் வகுப்பு எடுப்பதுண்டு. சாவி தந்த வீட்டிலிருந்து, தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் இருக்கும் மாநிலத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் எதற்குக் காணும்? எனினும், இழிவு இயற்கையானதன்று என்பதைப் பத்து மாதம் உடம்பால் அறிந்த பிள்ளையை மீண்டும் குனியவைப்பது எளிதும் அன்று. இந்தக் காரணத்துக்காகவே நம் பிள்ளைகள் போக வேண்டும் என்கிறோம்.

அரசு என்ன செய்கிறது? தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம், முதுநிலைக்கும் ஆய்வுக்கும் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய்வரை வழங்குகிறது, வரவேற்கத்தக்கது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் இருப்பவை 125 இடங்கள். 2022-இல், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு அதில் இடமில்லை என்று விதியை மாற்றினார்கள். 2025 ஜூலையில், தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். எப்படியாயினும் இவை இரண்டும் பட்டம் பெற்றவர்களுக்கானவை. பள்ளி வயதில் அரசு தருவது ஒரு வாரச் சுற்றுலா மட்டுமே. துபாய், ஜப்பான் என்று போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்கிறார்கள். விமானத்தில் ஏறும் அவர்களின் மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் விடுதி அறையில் தங்கித் திரும்புபவரும் இன்னொரு வீட்டின் பிள்ளையாக வாழ்பவரும் ஒன்றல்லர்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். வெட்டியவர்கள் உடன் படித்த சிறுவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிற்றைத் தடைசெய்வது பற்றிப் பேசிய அளவுக்கு, ஒரே ஊரின் இரண்டு தெருப் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்குவதைப் பற்றி நாம் பேசவில்லை. உண்மையில் நமக்கு முதலில் தேவைப்படும் பரிமாற்றம் கரையான்சாவடிக்கும் மயிலாப்பூருக்கும் இடையில்தான். அமெரிக்கா போவது அதைவிட எளிது!

வாஷிங்டனின் தயவை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை 2025 காட்டிவிட்டது. மே மாத இறுதியில் மாணவர், பரிமாற்ற விசா நேர்காணல்களை அங்குள்ள அரசு நிறுத்திவைத்தது. ஜூனில் மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பிப்பவர் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்க வேண்டும் என்றது. ஜெர்மனி, ஜப்பான், கனடா போன்ற நாடுகளின் பள்ளிகளோடு தமிழ்நாடு அரசே உடன்பாடு செய்துகொள்ளலாம். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி 2020-இல் சட்டம் செய்த மாநிலம் இது. பரிமாற்றத்திலும் அரசுப் பள்ளிகளுக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் தனி இடம் வைப்பதில் புதுமை ஏதுமில்லை. வரும் வெளிநாட்டு மாணவரைத் தங்கவைக்க இடமில்லை என்றால் சமத்துவபுரங்கள் இருக்கின்றன; பழுதடைந்த வீடுகளைச் செப்பனிட அதுவே ஒரு காரணமாகட்டும்.

ஓராண்டு வீணாகிவிடும், பொதுத் தேர்வு என்னாவது என்று பெற்றோர் அஞ்சுவார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வை நீக்கிவிட்டது. அந்த ஆண்டை வெளிநாட்டுப் பள்ளியில் படித்து வருபவரை நேரடியாகப் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளப் பள்ளிக் கல்வித் துறையின் ஓர் அரசாணை போதும். விடுபட்ட பாடங்களுக்குக் கோடை விடுமுறையில் வகுப்பு நடத்தலாம். ஆதிதிராவிடர் நலத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தின்போது இந்த அரசாணையையும், முதற்கட்டமாக ஐம்பது மாணவருக்கான நிதியையும் கேட்டு மனு அளிக்க இருக்கிறோம். கல்லூரி மாணவர் அமைப்புகள் தத்தம் பகுதியின் நலப் பள்ளிகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களைச் சந்தித்து, கடவுச்சீட்டுக்கு வேண்டிய பிறப்புச் சான்றிதழும் முதலெழுத்து விரிவும் சரியாக உள்ளனவா என்பதைப் பார்க்கும் வேலையை இப்போதே தொடங்கலாம்.