அமுதசுரபியில் இருந்தது சோறுதான்

மணிமேகலையின் அமுதசுரபி ஞானத்தின் குறியீடு, பசி என்பது ஆன்மாவின் தேடல் என்றொரு வியாக்கியானம் நம் மேடைகளில் நெடுங்காலமாக உலவுகிறது. கேட்பதற்கு இனிமையான இவ்விளக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

சாத்தனாரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அப்பாத்திரம் முதலில் ஆபுத்திரனுடையது. மதுரையில் சிந்தாதேவி அளித்தது. இந்திரன் மழை பொழிவித்துப் பாண்டிநாட்டைச் செழிக்கச் செய்ததும் உண்ண வருவோர் இல்லாமற் போகின்றனர். பஞ்சமுற்ற சாவகத்துக்குக் கப்பலேறியவன், மணிபல்லவத்திலே (நயினாதீவே அது என்பது நம்மவர் பலரின் துணிபு) தனித்து விடப்படுகிறான். கையிலோ வற்றாத பாத்திரம். தான் மட்டும் உண்ண மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான்.

பாத்திரத்தில் இருந்தது ஞானமாயின் அவன் ஏன் சாகவேண்டும்? ஞானத்தைத் தேடுவோர் விரும்பிச் செல்லும் தனிமையல்லவா அது!

ஆதிரை இட்ட முதற்பிச்சையில் குறியீடு உண்டென்பதை மறுக்கேன். ஆயினும் காயசண்டிகையின் யானைத்தீ நோய் உபதேசத்தால் தீரவில்லை, சோற்றால் தீர்ந்தது. பசியைத் தத்துவமாக்கிவிட்டால் சோறிடும் கடமை எவருக்கும் இல்லை. பேசுவோருக்கும் கேட்போருக்கும் அது வசதிதான். 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நாட்டிலேயும் இந்தப் பிரசங்கமா?

சிறைக்குள் சென்ற மணிமேகலை முதலில் கைதிகளின் வயிற்றை நிரப்பினாள். பின்னரே சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. காஞ்சியிலும் பஞ்சத்தில் வாடியோரை உண்பித்த பிறகுதான் அறவண அடிகளிடம் அறங்கேட்க அமர்கிறாள்.