திறந்த கதவும் திறவாத கதவும்

அயல் தேசம் சென்ற பிள்ளைகள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் மாட மாளிகைகளும் மின்சார ரெயில்களும் பனி மூடிய வீதிகளும் வரும். மற்றொரு வகையில், "இங்கே சிநேகிதர் வீட்டுக்குப் போவதென்றாலும் பல நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்" என்பது போன்ற அற்ப சமாசாரங்கள் வரும். மாட மாளிகைகளைப் படத்திலும் பார்த்துக் கொள்ளலாம். ஆகையால் தாய்மார்கள் மடித்து வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி படிப்பது இரண்டாவது வகைக் கடிதத்தையே. அதில்தான் பிள்ளை உண்மையாகவே அந்த ஊரில் வாழ்கிறான் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது.

நம் குடும்பங்களிலிருந்து பயிற்சி உத்தியோகத்திற்காக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் வாலிபர்கள் இப்போது அநேகர். பெண்களும் செல்கிறார்கள். அவர்கள் கண்டு வியக்கும் அன்றாட விஷயங்களைப் பற்றி எழுத நினைத்தபோது, எதிர்த் திசையில் பிரயாணம் செய்த ஒரு வாலிபரின் ஞாபகம் நமக்கு வந்தது. அவர் ஹாலந்து தேசத்தவர்; வந்து சேர்ந்த ஊர் சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் பழவேற்காடு.

அவருடைய பெயர் ஆபிரகாம் ரோகேரியஸ். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் கோட்டைகளுக்குப் பாதிரிமார் வேண்டுமென்று லெய்டன் நகரத்தில் ஒரு பயிற்சிச் சாலைக்குப் பணம் கொடுத்து வந்தார்கள். அங்கே படித்துத் தேறி, கப்பலேறி, 1632-ஆம் வருஷம் அவர் பழவேற்காடு வந்தபோது வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது. அப்போது சென்னைப் பட்டணம் இல்லை. 1613-இல் கட்டப்பட்ட கெல்ட்ரியா என்னும் டச்சுக் கோட்டையே சோழமண்டலக் கரையில் அக்கம்பெனியாரின் தலைமை ஸ்தலம். அதற்குத் தெற்கே ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றது, ரோகேரியஸ் வந்து ஏழு வருஷங்கள் கழிந்த பிறகு, 1639-இல்தான்.

கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்கார வாலிபர்கள் பெரும்பாலும் கணக்கு எழுதுகிறவர்கள், கிடங்கு பார்க்கிறவர்கள், சிப்பாய்கள். துணி எத்தனை கட்டு, விலை என்ன என்பதோடு பலருக்கு இந்தத் தேசத்தைப் பற்றிய ஆராய்ச்சி முடிந்து போயிருக்கும். பழவேற்காட்டிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில், இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம். தாய்நாட்டைத் திரும்பக் காணாமலே மாண்டவர்கள் உள்ளே உறங்குகிறார்கள்.

ரோகேரியஸ் பத்து வருஷம் அங்கே இருந்தார். ஜனங்கள் குழந்தைக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள், கலியாணத்தை எப்படி நடத்துகிறார்கள், எந்த நாளை நல்ல நாள் என்கிறார்கள், எதை உண்கிறார்கள், எதை விலக்குகிறார்கள், இறந்தவர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து எழுதி வைத்தார். நம் பாட்டிமார்களுக்கு இவையெல்லாம் ஒரு விஷயமே அல்ல. பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவருக்கோ ஒவ்வொன்றும் புதையல்.

புதையல் இருக்குமிடத்தை அவருக்குக் காட்டியவர் யார்? இங்கேதான் கதையின் ஜீவன் இருக்கிறது. பத்மநாபர் என்ற பிராமணர் ஒருவர் பழவேற்காட்டுக்கு வந்து டச்சுக்காரரின் ஆதரவில் வசித்து வந்தார். அவருக்கு டச்சு பாஷை தெரியாது. இவருக்கோ சம்ஸ்கிருதம் தெரியாது. கடற்கரைத் துறைமுகங்களில் அக்காலத்தில் பொதுப் பாஷையாக வழங்கிய போர்த்துக்கீஸ் மொழியே இருவருக்கும் இடையில் பாலமாயிற்று. இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒரு பாஷையில் ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல, பர்த்ருஹரியின் சுபாஷிதங்கள் டச்சு மொழிக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்று சதகங்களில் நீதியையும் வைராக்கியத்தையும் பத்மநாபர் எடுத்துச் சொன்னார். சிருங்கார சதகத்தை மட்டும் சொல்லவில்லை. பாதிரியாரிடம் போய்ச் சிருங்காரத்தைப் பிரசங்கம் செய்வானேன் என்று நினைத்தாரோ என்னவோ!

ரோகேரியஸ் 1642-இல் பழவேற்காட்டை விட்டு பத்தேவியாவுக்குச் சென்றார். 1647-இல் தாய்நாடு திரும்பினார். 1649-இல் காலமானார். எழுதியதை அச்சில் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. 1651-இல் அவருடைய மனைவியின் முயற்சியால் லெய்டன் நகரில் புத்தகம் வெளியாயிற்று. 1663-இல் ஜெர்மன் மொழியிலும், 1670-இல் பிரெஞ்சு மொழியிலும் வந்தது. சம்ஸ்கிருத நூலொன்று ஐரோப்பிய பாஷையில் பெயர்க்கப்பட்டு அச்சேறியது அதுவே முதல் தடவை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சார்லஸ் வில்கின்ஸின் ஆங்கிலக் கீதை வெளிவந்தது 1785-இல்; அதாவது, 134 வருஷங்களுக்குப் பிறகு. தென்னிந்தியாவில் ஜட்ஜாக இருந்த பர்னெல் துரை போன்ற பிற்காலப் பண்டிதர்களும், தென்னாட்டு இந்து சமயத்தைப் பற்றிய மிகப் பழைய நூலான இது மிகவும் விரிவானதும் ஆகும் என்று மெச்சியிருக்கிறார்கள்.

புத்தகத்தின் பெயர் என்ன தெரியுமா? "மறைந்து கிடக்கும் அஞ்ஞான மதத்துக்குத் திறந்த கதவு" என்பது. பெயரைக் கேட்டதும் நமக்குச் சிறிது சுருக்கென்றுதான் இருக்கிறது. நம் சமயத்தை அஞ்ஞானம் என்று அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் பொறுமையுடன் கேட்டு நிதானத்துடன் எழுதிய விவரம். ஆகையால் அட்டையை மன்னித்து விடலாம். நாம் கேட்க விரும்புவது வேறு. கதவு திறந்தது என்கிறார்களே, அதைத் திறந்தவர் யார்? வெளியில் நின்று தட்டியவர் ரோகேரியஸ். உள்ளேயிருந்து தாழ்ப்பாளை நீக்கியவர் பத்மநாபர். ரோகேரியஸ் அந்தப் பெயரைத் தம் நூலில் மறைக்காமல் எழுதி வைத்தார். அது அவருடைய பெருந்தன்மை. அவருக்குப் பின் இந்நாட்டுக்கு வந்து பெரிய பெரிய புத்தகங்கள் எழுதிய துரைமார் பலர், தங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முன்ஷிகளையும் சாஸ்திரிகளையும் "ஒரு சுதேசி" என்ற ஒற்றை வார்த்தைக்குள் புதைத்து விட்டார்கள்.

ஆனால் ஒருவர் திறந்த கதவு அவருடைய வீட்டுக் கதவு மட்டுமே அல்லவா? பத்மநாபரின் திண்ணையிலிருந்து பார்த்தால் பிராமணர் வீட்டு வாழ்க்கை துலாம்பரமாகத் தெரியும். ரோகேரியஸின் முதற் பாகம் முக்கியமாக அதைப் பற்றியதே. அதே பழவேற்காட்டில் துணி நெய்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கைத்திறனால் ஊரின் பெயரே கடல் கடந்தது. இன்றைக்கும் மலாய் நாட்டில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு "காயின் பெலிக்காட்" என்று பெயர். பழவேற்காட்டின் பெயர் மருவி அப்படி வழங்குகிறது. உத்தியோகத்துக்காக அங்கே போன தமிழ்ப் பிள்ளை ஒருவன், கடைக்காரர் வாயிலிருந்து தன் ஊர்ப் பெயர் வருவதைக் கேட்டுத் திடுக்கிட்டால் அதில் ஆச்சரியமில்லை.

இன்னும் ஒரு கூட்டத்தார் உண்டு. அவர்களைப் பற்றி எழுதும்போது பேனா தயங்குகிறது. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் யுத்தமும் வந்த வருஷங்களில், இந்தக் கரையிலிருந்து ஏழை ஜனங்களை ஆயிரக் கணக்கில் அடிமைகளாக வாங்கிக் கம்பெனியார் கப்பலேற்றினார்கள். பத்தேவியா முதலிய இடங்களுக்கு அவர்கள் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களும் அயல் தேசம் போனவர்கள்தாம்! அங்கே அவர்களும் புதிய சோற்றையும் புதிய பாஷையையும் புதிய மழையையும் கண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் தம் வாயால் சொன்ன வரலாறு எதையும் நாம் படித்ததில்லை. அந்தக் கதவை யாரும் தட்டவில்லை போலும்.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லலாம். பழவேற்காட்டிலிருந்து பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்திற்குப் போனால் பழங்கதை அல்ல என்று விளங்கும். ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறு பக்கம் ஏரி. நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. கலங்கரை விளக்கத்தின் பெயரை ஆங்கிலத்திலேயே சூட்டிக்கொண்ட மீனவர் கிராமம் அது. அங்கே சென்னை நகரத்து மாணவன் ஒருவன் ஆராய்ச்சிக்காகப் போய் ஒரு மாதம் தங்குகிறான் என்று வைத்துக் கொள்வோம். கப்பலேறாமலே அவனுக்கு அயல் தேசம் சித்தித்துவிடும். வந்த மறுநாளே "பாடு" என்னும் சொல்லைக் கேட்பான்.

ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரத்துக்கு அருகில்தான் இறால் மிகுதி. அந்த இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடியில் முடியும். ஆகவே இந்த வட்டாரத்துக் குப்பங்களில் உரிமையுள்ள கிராமங்கள் சில தங்களுக்குள் நாள் பிரித்துக் கொள்கின்றன. கிராமத்துக்குள் தலைக்கட்டுகளுக்கு முறை வைத்தும் சீட்டுக் குலுக்கியும் இடம் ஒதுக்குகிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்குக் கிடைக்காது. இதுவே பாடு. சர்க்கார் சட்டப் புத்தகத்தைப் பார்த்து யாரும் இதைக் கற்றுக் கொள்ளவில்லை. இலங்கையில் நீர்கொழும்பு வாவியிலும் இதைப் போலவே சீட்டுப் போட்டு இடம் பிரிக்கும் வழக்கம் உண்டு.

மாணவன் பரவசமடைவான். "ஆஹா! இதல்லவோ சமத்துவம்! மேல்நாட்டுப் பொருளாதார நிபுணர்கள் இங்கே வந்து பாடம் படிக்கவேண்டும்!" என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுவான். அவன் எழுதியது பொய்யல்ல. ஆனால் அவனுக்குச் சொன்னவர் பாடு உள்ள ஒரு பெரியவர். அவனுடைய பத்மநாபர் அவர். அதே ஏரியில் பாடு இல்லாத மீனவர்களும் இருக்கிறார்கள். அதே ஏரியில், வலையுமின்றிப் படகுமின்றி, இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், "அம்மா, பாடு என்றால் என்ன?" என்று கேட்டால் வேறு விதமான பதில் வரும். இரண்டு பதில்களையும் சேர்த்துப் படித்தால்தான் பழவேற்காடு ஏரி என்னவென்று தெரியும்.

இனி, ஹாலந்திலோ ஜெர்மனியிலோ பயிற்சிக்காகப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு வருவோம். டச்சுக்காரர் வீட்டில் ஒருவருக்குப் பிறந்த நாள் என்றால், அவருக்கு மட்டுமல்ல, அவருடைய தாய் தந்தையர், மனைவி மக்கள் எல்லாருக்குமே கை குலுக்கி வாழ்த்துச் சொல்கிறார்கள். உற்றார் உறவினரின் பிறந்த நாட்களைக் குறித்த காலண்டரைப் பல வீடுகளில் கழிப்பறைச் சுவரில் மாட்டி வைக்கிறார்கள். வீதியைப் பார்த்த பெரிய ஜன்னல்களில் இரவிலும் திரையை இழுத்து மூடாதவர் பலர். இவற்றைக் கண்டதும் நம் பிள்ளைக்குச் சிரிப்பு வருகிறது. உடனே வீட்டுக்குச் செய்தி பறக்கிறது. தவறில்லை, சிரிக்கட்டும். ஆனால் சிரித்ததோடு நிற்காமல், "ஏன் இப்படி?" என்று அந்த ஊர்க்காரர் ஒருவரை மரியாதையாகக் கேட்கட்டும். கேட்கும் பொருட்டு அந்த ஊர்ப் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளட்டும். தமிழ் நண்பர்கள் நால்வரோடு ஒரே அறையில் தங்கி, தமிழ்ச் சாப்பாடு சமைத்து, தமிழ்ப் படம் பார்த்துத் திரும்பி வருகிறவன், கோட்டைக்குள் இருந்து துணிக் கட்டுகளை எண்ணிய டச்சுக் குமாஸ்தாவுக்குச் சமானம்.

பதில் சொன்னவரின் பெயரையும் எழுதி வைத்துக் கொள்ளட்டும். பிறகு, அவருடைய பதிலே அந்தத் தேசம் முழுவதின் பதில் என்று எண்ணாமல், இரண்டாவது கதவையும் தட்டட்டும். ஆபீஸ் மானேஜர் ஒன்று சொல்வார். ஆபீஸ் தரையைக் கூட்டித் துடைக்க வரும் அம்மாள் வேறொன்று சொல்வாள். அந்த அம்மாள் மொராக்கோவிலிருந்தோ துருக்கியிலிருந்தோ வந்து குடியேறியவளாகவும் இருக்கலாம். அவளும் அயல் தேசத்தில் தினந்தோறும் புதியவற்றைக் கண்டவள்தான். அவளிடம் கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்கும்.

இவ்வளவும் செய்ய முடியாதவர்களுக்கு எளிய வழி ஒன்று சொல்கிறோம். வெளிநாடு புறப்படுவதற்கு முன்னால் இரண்டு நாள் பழவேற்காட்டுக்குப் போய் வரட்டும். கெல்ட்ரியாக் கோட்டை இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. அதைப் பார்க்க அரைமணி நேரம் போதும். மீதி நேரத்தை லைட்ஹவுஸ் குப்பத்தில் வலை பழுது பார்ப்பவர்களின் அருகிலும், ஏரிக்கரையில் இறாலைத் தரம் பிரிக்கும் பெண்களின் அருகிலும் உட்கார்ந்து கழிக்கட்டும். வீட்டுக்கு அறுபது கிலோ மீட்டரில் கேட்கப் பழகியவனுக்கு ஆறாயிரம் மைலில் கேட்பது கடினமாக இராது.