மலைப்பாம்புக்கு எத்தனை வேளை உணவு?

இலண்டன் மாநகரில் வாழும் தம் பேரன் நாயோ பூனையோ வளர்க்காமல் மலைப்பாம்பு ஒன்றை வளர்த்து வருகிறான் என்றும், ஆறு கிழமைகளாக அது இரையைத் தொடாமற் கிடப்பதால் வீட்டார் கலங்கியிருக்கின்றனர் என்றும் வாசகி ஒருவர் எமக்கு எழுதியுள்ளார். பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்ற காலம் போய், பாம்பு பட்டினி கிடக்கிறதே என்று பாட்டிமார் உறக்கம் இழக்கும் காலம் வந்துவிட்டது! ஆயினும் கேள்வி நகைப்புக்குரியதன்று. வாயில்லா உயிர் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அதன் வயிற்றைப் பற்றி அறிந்திருத்தல் கடமையாகும். விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். பாம்பு வளர்ந்ததாகவும் உடல் மெலியாததாகவும் இருப்பின், ஆறு கிழமைப் பட்டினிக்கு அஞ்சவேண்டியதில்லை. அளவு மீறி ஊட்டுவதே அஞ்சத்தக்கது.

மேனாட்டார் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுவது ஆபிரிக்காவுக்குரிய சிறிய மலைப்பாம்பு இனமாகும். அச்சமுற்றபோது தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் பந்து மலைப்பாம்பு என்பர். அரச மலைப்பாம்பு என்றும் பெயருண்டு. நஞ்சில்லாதது. நம் நாட்டு வெங்கிணாந்தியைப்போல் நெடிதாக வளராது. மூன்று முதல் ஐந்து அடியோடு நின்றுவிடும். கானா, தோகோ, பெனின் முதலிய மேற்கு ஆபிரிக்க நாடுகளின் புல்வெளிகளில், பகலெல்லாம் எலிவளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கிடந்து இரவிலே இரை தேடும்.

பெனின் நாட்டின் உவிடா நகரில் இப்பாம்புகளுக்கென ஒரு கோயிலே இருக்கிறது. அதற்கு எதிரே கத்தோலிக்கப் பேராலயம்! கோயிற் பாம்புகளை இரை தேடுமாறு இரவில் வெளியே விடுவது அங்குள்ள வழக்கம். அவை வீடுகளுக்குள் நுழைந்தால் வீட்டார் அடிப்பதில்லை. மரியாதையோடு எடுத்துவந்து கோயிலிற் சேர்ப்பர். நயினாதீவு நாகபூஷணி அம்மன் சந்நிதியை அறிந்த நமக்கு இது வியப்பாகத் தோன்றாது. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அக்கோயிலார் நாள்தோறும் மணியடித்துப் பாம்புக்குப் படையல் இடுவதில்லை.

நமக்கு வேளைக்கு வேளை பசிப்பது ஏன்? உடலின் சூட்டை இரவும் பகலும் ஒரே நிலையில் வைத்திருக்க நாம் உண்ணும் உணவிற் பெரும்பகுதி செலவாகிறது. பாம்புக்கு இச்செலவு இல்லை. சூட்டை அது வெளியிலிருந்து பெற்றுக்கொள்கிறது. அன்றியும், இரையில்லாத காலத்தில் மலைப்பாம்பின் குடலே சுருங்கி ஓய்ந்துவிடுகிறது. பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்த அறிஞர்கள் கண்டவை நம் மாணவர் அறியத்தக்கவை. பெரிய இரையை விழுங்கியபின் ஓரிரு நாட்களில் சிறுகுடலின் நிறை ஏறக்குறைய இருமடங்காகிறது. இதயத்தின் கீழறை 48 மணி நேரத்தில் நூற்றுக்கு 40 வீதம் பருக்கிறது என்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. செரிமானம் முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஒரு வேளை உணவு என்பது மலைப்பாம்பின் உடலுக்கு ஒரு திருவிழா என்க. திருவிழா முடியுமுன் மீண்டும் கொடியேற்றலாகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டி, முதன்முறை சட்டையுரித்த பின்னரே இரை கொள்ளும். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை, தன் நிறையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குள்ள சுண்டெலி ஒன்று போதும். அரைக் கிலோ நிறையை எட்டியபின் பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை. முற்றும் வளர்ந்ததற்கு மூன்று நான்கு கிழமைகளுக்கு ஒருமுறை, நிறையில் நூற்றுக்கு 5 பங்கு அளவில் ஓர் எலி. அதாவது ஒன்றரைக் கிலோ நிறையுள்ள பெண் பாம்புக்கு மாதத்தில் 75 கிராம்! இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தை மிஞ்சலாகாது. தண்ணீர் மட்டும் எப்போதும் இருத்தல் வேண்டும்.

இவ்வளவு தானா என்று வாசகர் முகஞ்சுளிப்பது எமக்குத் தெரிகிறது. உணவிட்டே அன்பைக் காட்டிப் பழகியவர் நாம். விருந்தினர் போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கால் இன்னும் ஓர் அகப்பை சோறு இடுவோம். பாம்பிடம் இவ்வுபசாரம் செல்லாது. எலியைக் கண்டால் அது பசியில்லாமலும் பாயும். கிடைத்தபோது விழுங்கி வைப்பது காட்டில் வாழ்ந்த பழக்கம். ஆகையால் அது உண்பதைக் கொண்டு பசியை அளத்தல் பிழை. முதுகெலும்பின் இருபுறமும் சதை பிதுங்கி நடுவே பள்ளம் விழுதலும், வாலடி தடித்தலும், வளையும்போது தோல் மடிதலும் கொழுப்பேறியதன் அறிகுறிகள். அக்கொழுப்பு ஈரலில் அடைந்து ஆயுளைக் குறைக்கும். நன்றாயிருக்கும் பாம்பின் முதுகு, முனை மழுங்கிய முக்கோணம்போல் இருக்கும்.

உண்ண மறுப்பதற்குக் காரணங்கள் பல. சட்டையுரிக்குமுன் கண் நீலம் பாரிக்கும் நாட்களிலும், இணைசேரும் பருவத்திலும் இரையை வெறுப்பது இவ்வினத்தின் இயல்பு. ஆண் பாம்புகள் மாதக்கணக்கில் உண்ணாதிருப்பதுண்டு. காட்டிற் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்டவை இன்னும் பிடிவாதமானவை. இலண்டன் குளிரில் முதலிற் பார்க்கவேண்டியது பெட்டியின் சூடு. ஒரு பக்கம் 31 அல்லது 32 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். சூடு குறைந்தால் இரை செரியாமல் வயிற்றில் அழுகும், அன்றேல் கக்கப்படும். கக்கினால் இரண்டு கிழமையாவது வெறும் வயிற்றோடு விடுதல் நன்று. ஒளிந்துகொள்ள இருண்ட மறைவிடமும் வேண்டும். கிழமைதோறும் நிறுத்துக் குறித்துவருக. பத்தில் ஒரு பங்கு நிறை குறைந்தாலோ, வாயில் நுரையோ மூச்சில் இரைச்சலோ காணப்பட்டாலோ விலங்கு வைத்தியரை நாடுக. வாயைத் திறந்து திணிப்பது வீட்டார் செய்யும் வேலையன்று.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுவதையும் நாம் ஒப்போம். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிய நிகழ்ச்சிகள் உண்டு. எலிக்கும் அது கொடுமை. உறையவைத்த எலியை முற்றாக இளகச்செய்து, வெந்நீரிற் சூடாக்கி, இடுக்கியாற் காட்டுவதே தக்க முறை. உண்டபின் இரண்டு நாள் பாம்பைத் தொடாதிருக்கவேண்டும்.

இது சில மாதத்துப் பொழுதுபோக்கன்று என்பதையும் அப்பேரன் அறியட்டும். அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலைக்கு 1961ஆம் ஆண்டில் வந்த ஒரு பெண் பாம்பு, 2020 யூலையில், அறுபது வயதைக் கடந்த நிலையில், பல்லாண்டுகளாக ஆண் துணையின்றி இருந்தும் ஏழு முட்டைகள் இட்டது.

இதைப் படித்துவிட்டு நம் மாணவர் எவரும் காட்டோரத்தில் வெங்கிணாந்திக் குட்டியைத் தேடிப் புறப்படவேண்டாம். அது சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட உயிர்; பிடிப்பதும் அடைத்து வைப்பதும் குற்றம். வளவுக்குள் வந்துவிட்டால் அடிக்காமல் வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவித்தால் அவர்கள் வந்து எடுத்துச்செல்வர்.