நேர்த்தி முடியும் காவாலி முடியும்

கொஸ்லந்தையில் ஒரு லயத்து வாசலில் இளைஞன் ஒருவனை வைதுகொண்டிருந்தார்கள். காதை மூடிய, தோளை எட்டாத முடி. "காவாலி" என்றார் ஒரு பெரியவர். கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்து வளர்த்திருந்தால் கும்பிட்டிருப்பார். முருகனுக்கென்றால் பக்தி, தனக்கென்றால் திமிரா?

முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். தோளைத் தொட ஈராண்டாவது வேண்டும். இடைப்பட்ட அலங்கோலத்தைத் தாண்டாமல் எவனும் அங்கே போய்ச் சேர முடியாது. நம்மவர்களின் ஏச்செல்லாம் அந்த மாதங்களில்தான்.

பண்பாடாம்! 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துவந்த நம் பூட்டன்மாரில் குடுமி வைத்தவர்கள் எத்தனையோ பேர். கிராப்புதான் வெள்ளைக்காரன் தந்தது, பெயரே ஆங்கிலம். பெரட்டுக்களத்தில் நம் தலைகளைத் துரைமார் எண்ணினார்கள். தலையில் வளர்வதை இப்போது நாம் அளக்கிறோம்.

வெட்டப்போவதில்லை என்றான் அவன். வெட்டாதே என்று பெரியவர் முன்னிலையிலேயே சொல்லிவிட்டு வந்தேன்.