இயந்திரம் எழுதலாம், ஒப்பமிடுபவர் யார்?

செயற்கை நுண்ணறிவு என்னும் புதுக் கருவி நம் நாட்டுக் கந்தோர்களுக்குள் நுழைந்துவிட்டது. மந்திரி எவரும் நாடா வெட்டி அதனைத் திறந்துவைக்கவில்லை. இலிகிதரின் சட்டைப்பையிலிருக்கும் கைத்தொலைபேசியின் வழியாகவே அது உள்ளே வந்தது. மனு வரையும் சட்டத்தரணியும், அறிக்கை எழுதும் கணக்காளரும், வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியரும் இன்று அதனிடம் உதவி கேட்கின்றனர். வெங்காயத்தின் இலையில் கண்ட நோயைப் படமெடுத்து அனுப்பி மருந்து கேட்கும் கமக்காரரும் நம்மிடையே உளர்.

இக்கருவியே வேண்டாமென்போர் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம். கோப்புகள் மாதக்கணக்கில் மேசையில் உறங்கும் நாடு இது. ஒரு நாள் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துத் தரும் பொறியை ஒதுக்கித் தள்ளுவது அறிவுடைமையாகாது. நாம் எழுப்பும் கேள்வி வேறு. இயந்திரம் எழுதியதைப் படித்துப் பார்த்து, இது சரியென்று தம் பெயரை இட்டுப் பொறுப்பேற்பவர் யார்? தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை இது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று, மொழியுரிமைக் கேள்வியுமாகும்.

கருவியின் இயல்பை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். பேரளவான எழுத்துக்களைக் கற்று, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருதல் பொருந்தும் எனக் கணித்து வாக்கியம் அமைப்பது அது. மெய் சொல்லும்போதும் பொய் சொல்லும்போதும் அதன் நடை ஒன்றே, குரல் தடுமாறுவதில்லை. 2023ஆம் ஆண்டு நியூயோர்க்கில், விமானக் கம்பனியொன்றுக்கு எதிரான வழக்கில் தோன்றிய சட்டத்தரணிகள், சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை மன்றில் சமர்ப்பித்தனர். அத்தகைய தீர்ப்புகள் எந்த நீதிமன்றத்திலும் வழங்கப்பட்டவையல்ல. அவை மெய்யானவையா என்று சட்டத்தரணி கேட்டாராம். கேட்டதும் அதே கருவியிடமே! ஆம், மெய்யே என்று அதுவும் சாட்சி சொல்லிற்று. நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். தண்டம் கட்டியது இயந்திரமன்று என்பதைக் கவனிக்க.

ஆங்கிலத்திலேயே நிலைமை இதுவென்றால் தமிழில் எப்படியிருக்கும்? இணையத்தில் குவிந்துள்ள எழுத்துக்களே இதன் பாடப்புத்தகம். அதில் ஆங்கிலத்தின் பங்கு மலையளவு. தமிழின் பங்கு அம்மலையடியில் ஒரு பிடி மண். யாழ்ப்பாணத்து உறுதிகளில் வரும் சொற்களையும் மட்டக்களப்பு வயல்வெளியில் வழங்கும் சொற்களையும் அது எவ்வளவு கண்டிருக்கும்? ‘பரப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் அது காணியின் அளவு. 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். பொதுத் தமிழிலோ அச்சொல் விஸ்தீரணம் என்ற பொருளையே குறிக்கும். நாலு பரப்புக் காணியை மொழிபெயர்க்கையில் இயந்திரம் நாலு ஏக்கரென்று எழுதிவிட்டால், கால் ஏக்கர்க்காரர் ஒரே நொடியில் நாலு ஏக்கர்க்காரராகிவிடுவார். நிவாரணப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்க அதுவே போதும். ஒற்றிக்கும் ஈட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத மொழிபெயர்ப்பு, ஒரு குடும்பத்தின் வழக்கையே திசைதிருப்பிவிடக்கூடும். இயந்திரம் எப்போதும் தவறும் என்று நாம் கூறவில்லை. எங்கே தவறிற்று என்பது இரு மொழியும் அறிந்த ஒருவர் படித்துப் பார்த்தாலன்றித் தெரியவராது என்பதே நாம் கூறுவது.

2017ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பாலஸ்தீனத் தொழிலாளி ஒருவர், தாம் வேலைசெய்த இடத்தில் புல்டோசரின் அருகே நின்று எடுத்த படத்தை முகநூலில் இட்டு, காலை வணக்கம் எனப் பொருள்பட அரபு மொழியில் எழுதினார். முகநூலின் மொழிபெயர்ப்புப் பொறி அதனை எபிரேய மொழியில் ‘அவர்களைத் தாக்குங்கள்’ என்று மாற்றிக்கொடுத்தது. இஸ்ரேலியப் பொலிஸார் அவரைக் கைதுசெய்தனர். தவறு வெளிப்பட்ட பின்னரே அவர் விடுவிக்கப்பட்டார். கைதுக்கு முன் அரபு தெரிந்த பொலிஸ் உத்தியோகத்தர் எவரும் அப்பதிவைப் படித்துப் பார்க்கவில்லை. தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் ஒப்பமிட்ட தமிழர் வாழும் இந்நாட்டில், இதனை வேற்று நாட்டு வேடிக்கையென்று வாசித்துவிட்டுப் போக நம்மால் முடியவில்லை.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாக்கிற்று. ஏட்டில் உள்ளது இது. நாட்டில் உள்ளது யாதென்பதை, தனிச் சிங்களத்தில் வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு வாசிக்க ஆள்தேடி அலைந்த எவரும் சொல்வார். பொலிஸ் நிலையங்களில் இருமொழி அறிந்த உத்தியோகத்தர் 24 மணி நேரமும் இருத்தல் வேண்டும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் தம் வாக்குமூலம் பதியப்பெறும் உரிமை உடையவராதல் வேண்டும் என்று, அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் விதந்துரைத்தது.

இந்நிலையில் ஒரு புதிய சாட்டுப் பிறப்பதற்கு இடமுண்டு. மொழிபெயர்ப்பாளர் எதற்கு, தமிழ் தெரிந்த இலிகிதர் எதற்கு, இயந்திரம் இருக்கிறதே! 2022ஆம் ஆண்டின் வீழ்ச்சிக்குப் பின் ஒவ்வொரு சதத்தையும் எண்ணிச் செலவிடவேண்டிய திறைசேரிக்கு இப்பேச்சு இனிக்கும். பதவி வெற்றிடங்களை நிரப்பாமலே மொழிச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாகக் கணக்குக் காட்டவும் அது உதவும். நாம் இதனை முன்கூட்டியே மறுக்கிறோம். ஒரு நாளில் சில பக்கங்களையே முடிக்கும் மொழிபெயர்ப்பாளர், இக்கருவியின் துணைகொண்டு அதனிலும் பன்மடங்கு முடிக்கலாம், அது நன்மையே. கருவியை அவருடைய கையில் கொடுங்கள். அவருடைய கதிரையில் அதனை இருத்தாதீர்கள்.

நம்மவர் பக்கமும் சற்றுத் திரும்பவேண்டும். கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் சொன்னதும், நோயாளி வைத்தியரிடம் சொன்னதும் இலவசக் கருவியொன்றில் இடப்படும் கணத்திலேயே கடல்கடந்து வேறொரு கம்பனியின் கணினிக்குப் போய்விடுகின்றன. அவ்வாறு வந்தவற்றைத் தம் பொறியை மேலும் பயிற்றப் பயன்படுத்தும் உரிமையைப் பல சேவைகள் தம் நிபந்தனைகளில் எழுதிவைத்துள்ளன. அவற்றைப் படிப்பவர் எத்தனை பேர்? 2023இல் தென்கொரியாவின் சம்சுங் கம்பனியிலேயே பொறியியலாளர் இரகசிய நிரல்களை இவ்வாறு சாட்ஜிபிடியில் இட்டுவிட, கம்பனி அத்தகைய கருவிகளைத் தன் ஊழியர் பாவிப்பதைத் தடைசெய்ய நேர்ந்தது. பெருங் கம்பனிக்கு நேர்ந்தது பருத்தித்துறை நொத்தாரிசுக்கு நேராதா?

அரசாங்கத்தின் பெட்டகமும் பத்திரமானதன்று. 2023 ஓகஸ்ட் மாதம், கப்பம் கேட்கும் நச்சு நிரலொன்று அரசாங்க மின்னஞ்சல் தொகுதியைத் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட, சுமார் 5,000 முகவரிகளில் அழிந்தன. அக்காலத்துக்குரிய மறுபிரதி இருக்கவில்லை. காலங்கடந்த மென்பொருளைப் புதுப்பியாது வைத்திருந்த வீடு அது. அங்கே புதிய விருந்தாளியைக் குடியேற்றுமுன் கதவின் தாழ்ப்பாளைப் பார்க்கவேண்டாமா?

இவை கந்தோர்க்காரர் கவலை, நமக்கென்ன என்று கமக்காரர் கேட்கலாம். 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்குக் குடும்பங்களைத் தெரிந்த முறையை அவர் நினைவுகூர்வாராக. 22 அளவுகோல்களால் புள்ளியிட்டுப் பட்டியல் வெளியானது. அது செயற்கை நுண்ணறிவன்று. வெறும் புள்ளிக் கணக்கு. அதற்கே இலட்சக்கணக்கான மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன. நாளை உர மானியத்துக்கும் பயிர்க் காப்புறுதிக்கும் கடனுக்கும் தகுந்தவர் யாரென்று இயந்திரம் தரம்பிரிக்குமாயின், விலக்கப்பட்டவர் ஏன் என்று யாரிடம் கேட்பது? (இயந்திரத்தின் உதவியே இல்லாமல், 2021இல் ஒரே உத்தரவால் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திய நாடு இது என்பதைக் கமக்காரர் மறந்திரார்.) 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, தன்னியக்கமாக மட்டும் எடுக்கப்பட்டு ஒருவருடைய உரிமைகளை மீளமுடியாதவாறு பாதிக்கும் தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோர இடமளிக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 2025 மார்ச் மாதம் நடைமுறைக்கு வரவிருந்த பாகங்கள் பிற்போடப்பட்டன. பொறிகளோ எதற்கும் காத்திருக்கவில்லை.

பயிர் மருந்து பற்றியும் ஒரு சொல். இயந்திரம் சொல்லும் அளவு வேற்று நாட்டு மண்ணுக்கும் காலநிலைக்கும் உரியதாயிருக்கலாம். அங்கே விற்கப்படும் நாசினி இங்கே தடைசெய்யப்பட்டதாகவுமிருக்கலாம். போத்தலின் சிட்டையைப் படித்து, கமத்தொழில் போதனாசிரியரைக் கேட்ட பின்னரே தெளியுங்கள்.

கந்தோர்த் தலைவர்கள் செய்யவேண்டியது கடினமன்று. எந்தக் கருவியைப் பாவிக்கலாம், எவற்றை அதனுள் இடலாகாது என்பதை ஒரே தாளில் தமிழில் எழுதி ஒட்டினாற் போதும். பெயர், அடையாள அட்டை இலக்கம், உறுதி, நோய்க் குறிப்பு, வங்கிக் கணக்கு ஆகியன இடலாகாதவை. கருவியின் துணையுடன் எழுதிய கடிதமாயின் அதனைக் கோப்பில் குறித்துவைத்தல் வேண்டும். பிழை கண்டால் உடனே சொல்லும் ஊழியரைக் கடிந்துகொள்ளலாகாது. கடிந்தால் அடுத்த பிழை மறைக்கப்படும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது ஒன்றே. தமிழில் வெளியாகும் இயந்திர மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றின் அடியிலும், அதனைப் படித்துச் சரிபார்த்த தமிழறிந்த உத்தியோகத்தரின் பெயரும் பதவியும் இருத்தல் வேண்டும். நமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் ஒவ்வோர் அமைச்சிடமும் இரு கணக்குகளைக் கேட்டுப் பெறுவார்களாக: வெற்றிடமாயுள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதவிகள் எத்தனை, எவரும் படித்துப் பாராமல் இயந்திரம் மொழிபெயர்த்தவாறே சென்ற ஆண்டில் வெளியனுப்பப்பட்ட கடிதங்கள் எத்தனை.