புற்றுக்குப் பாலும் புற்றுநோய்க்குப் பணமும்

நமது மக்கள் பணம் கொடுக்கத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கும்பாபிஷேகத்திற்குக் கொடுக்கிறார்கள், தேருக்குக் கொடுக்கிறார்கள், பாலாபிஷேகத்திற்குக் கொடுக்கிறார்கள், கடன் வாங்கியாவது உண்டியலை நிரப்புகிறார்கள். ஆடி மாதம் பிறந்தால் பாம்புப் புற்றுக்குப் பாலும் முட்டையும் ஊற்றுகிற தாய்மார்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அந்தத் தாய்மார்களில் ஒருவருக்குத் தம் சரீரத்திலேயே புற்று கண்டுவிட்டால், பால் குடித்த புற்று ஓடி வருவதில்லை. அப்பொழுது ஆஸ்பத்திரியைத் தேடித்தான் ஓட வேண்டியிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி யார் முயற்சியால் வந்தது, யார் கொடுத்த பணத்தால் வளர்ந்தது, அதில் நமது பங்கு என்ன என்பவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத ஆசைப்படுகிறோம்.

வைதீகர்களைக் கேட்டால், "முன்ஜென்ம வினை, அனுபவித்தே தீர வேண்டும்" என்பார்கள். வினைதான் காரணம் என்றால், அது புகையிலையை அடக்கி வைத்த கன்னத்தையே அதிகமாகத் தேடி வருவானேன்? பீடியும் சிகரெட்டும் குடித்தவனுடைய நுரையீரலிலேயே அதிகமாகப் போய் உட்காருவானேன்? சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை 1950-ல் இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இருவர் நோயாளிகளை விசாரித்துக் கணக்கெடுத்துக் காட்டினார்கள். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ் என்பதைக் கண்டறிந்ததற்காக ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹௌசன் 2008-ல் நோபல் பரிசு பெற்றார். எல்லாப் புற்றுக்கும் காரணம் கண்டாகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. காணாததைக் காண்பதற்குத்தான் ஆராய்ச்சி வேண்டும் என்கிறோம். "தலையெழுத்து" என்று சொன்ன மாத்திரத்தில் தேடுவது நின்றுவிடுகிறது. தேடுவது நின்றால் மருந்தும் நின்றுவிடுகிறது.

நிற்க, நமது நாட்டில் இந்நோய்க்கென்று ஒரு ஸ்தாபனம் ஏற்பட்ட சரித்திரத்தைப் பார்ப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நமது இயக்கத்தார் நன்கு அறிவார்கள். 1927-ல் சென்னைச் சட்டசபைக்குச் சென்று, பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் இழிவை ஒழிக்கப் பாடுபட்டவர். "மதம் போகிறது, கலை போகிறது" என்று சனாதனிகள் கூச்சல் போட்டபொழுது, பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழியவேண்டுமென்று ஊர் ஊராகப் பேசியது நமது இயக்கம். 1947-ல் அவ்வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்த அம்மையாரின் தங்கை 1923-ல் புற்றுநோயால் மாண்டார். கூடப் பிறந்தவள் டாக்டராயிருந்தும் காப்பாற்ற வழியில்லை. சாதாரணமாக நம் வீடுகளில் இப்படி ஒரு சாவு நேர்ந்தால் திதி கொடுத்து, பிண்டம் வைத்து, புரோகிதருக்குத் தட்சணை கொடுத்து, அத்துடன் காரியம் முடிந்ததென்று இருந்துவிடுவோம். அம்மையாரோ, இனி மற்றொருவர் தங்கை இப்படிச் சாகக்கூடாது என்று நினைத்தார்.

அந்த நினைப்பு கட்டடமாவதற்கு ஏறக்குறைய முப்பது வருஷமாயிற்று. இந்திய மாதர் சங்கத்தின் மூலமாக நிதி திரட்டினார்கள். பெண்கள் வீடு வீடாகவும் கடை கடையாகவும் கை நீட்டினார்கள். 1952-ல் சென்னை அடையாற்றில் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் மாதத்தில் பன்னிரண்டு படுக்கைகளோடு சிகிச்சை ஆரம்பமாயிற்று. அம்மையாரின் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும்வரை அந்த ஆஸ்பத்திரியையே தம் வீடாகக் கொண்டு உழைத்தார். வெளியில் தனிவைத்தியம் செய்து மாளிகை கட்டியிருக்கக்கூடிய படிப்பும் திறமையும் அவருக்கு இருந்தன. கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசமாகவும், கொஞ்சம் முடிந்தவர்களுக்குக் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை நடப்பதற்குக் காரணம், முடிந்தவர்கள் கொடுத்த நன்கொடையும் இப்படிப்பட்டவர்களின் உழைப்புமேயாகும். இதைக் கண்ணால் பார்த்த பிறகும் "பகவான் காப்பாற்றினார்" என்று சொல்லுகிறவர்களுக்கு நாம் என்ன சொல்வது?

அறிஞர் அண்ணாதுரை அவர்களும் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3-ந் தேதி மறைந்தார். அன்று இலட்சக்கணக்கான மக்கள் தெருவில் நின்று அழுதார்கள். அழுதவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால், தலைவனுக்குச் சிலை வைக்கக் கொடுக்கும் பணத்தில் நாலில் ஒரு பங்கையாவது, தலைவனைக் கொன்ற நோயை ஆராயக் கொடுத்தோமா என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கட்டும்.

கொடுப்பவர்களிடத்திலும் ஒரு குற்றம் இருக்கிறது. தம் பெயர் கல்லில் தெரிகிற காரியத்துக்கே கொடுக்கப் பார்க்கிறார்கள். கட்டில் வாங்கிக் கொடுத்தால் அதில் பெயர் எழுதலாம்; வார்டு கட்டிக் கொடுத்தால் வாசலில் பெயர் பொறிக்கலாம். கணக்கெடுப்பதற்குக் கொடுத்தால் எங்கே பெயர் எழுதுவது? சென்னை நகரத்தில் யாருக்கு, எந்த வயதில், எந்த இடத்தில் புற்று காண்கிறது என்பதை அடையாறு ஸ்தாபனத்தார் 1982 முதல் பதிவு செய்து வருகிறார்கள். முன்பு சென்னைப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. பின்பு அது குறைந்து, மார்புப் புற்று முதலிடத்திற்கு வந்தது. இந்த மாறுதல் அந்தப் பதிவேட்டினால்தான் தெரிந்தது. எந்த வாசல் வழியாகத் திருடன் வருகிறான் என்று தெரியாமல் எந்தக் கதவில் பூட்டுப் போடுவது? ஆகவே, பெயர் பொறிக்க இடமில்லாத இந்த வேலைக்குக் கொடுக்கும் ரூபாயே அதிகப் பிரயோசனமுள்ள ரூபாய் என்பது நமது அபிப்பிராயம்.

சிகிச்சை பட்டணத்தில் நடக்கிறது, ஆராய்ச்சி பணக்கார தேசங்களில் நடக்கிறது, கிராமத்தானுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அவர்களுக்குத் திண்டுக்கல் ஜில்லாவைக் காட்டுகிறோம். 2000-ம் வருஷம் தொடங்கி அங்கே கிராமம் கிராமமாக, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ச் சோதனை நடந்தது. பெரிய யந்திரம் ஒன்றும் கிடையாது. பயிற்சி பெற்ற நர்சுகள், கொஞ்சம் காடி, ஒரு விளக்கு, அவ்வளவே. நீர்த்த காடித் திராவகத்தைத் தடவினால் கெட்ட இடம் வெளுத்துக் காட்டும். அங்கேயே குளிரூட்டி அந்தச் சதையை அழித்துவிடலாம். முப்பத்தோராயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் இச்சோதனைக்கு வந்தார்கள். சோதனை நடத்திய கிராமங்களில், நடத்தாத கிராமங்களைவிட அந்நோயால் ஏற்படும் சாவு நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது என்று 2007-ல் லான்செட் வைத்தியப் பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. இதற்குப் பணம் கொடுத்தது பில் கேட்ஸ் தம்பதியரின் அறநிலையம். அம்பிளிக்கையில் உள்ள ஒரு கிறிஸ்தவ சுகாதார நிலையத்தாரும், அடையாறு ஸ்தாபனத்தாரும், பிரான்சிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தாரும் இவ்வேலையில் சேர்ந்திருந்தார்கள். கிறிஸ்தவர்களை நீங்கள் புகழலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் புகழ்வோம். அவர்கள் நோயைக் கண்டது ஜெபத்தினாலல்ல. காடியினாலும் விளக்கு வெளிச்சத்தினாலும்.

இனி, "இதெல்லாம் சர்க்கார் வேலையல்லவா, நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்பாரும் உண்டு. சர்க்கார் வேலைதான். அதை வற்புறுத்திக் கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு, கேட்கவும் வேண்டும். ஆனால், சர்க்கார் விழிக்கிறவரையில் நோய் காத்திருப்பதில்லை. முத்துலட்சுமி அம்மையார் சர்க்காருக்காகக் காத்திருந்தால் அந்தப் பன்னிரண்டு படுக்கையும் வந்திருக்காது. முதலில் மக்கள் செய்து காட்டினால், பிறகு சர்க்காரும் செய்துதான் தீரவேண்டும்.

மற்றொன்று. கொடுப்பதைப் புண்ணியமென்று நினைத்துக் கொடுக்க வேண்டாம். புண்ணியத்துக்காகக் கொடுக்கிறவன் மேலுலகத்தில் வட்டி எதிர்பார்க்கிறான்; வாங்குகிறவனைத் தாழ்ந்தவனாகப் பார்க்கிறான். நோயாளி பிச்சைக்காரனல்ல. இன்று அவனுக்கு, நாளை நமக்கு என்ற கூட்டுப் பாதுகாப்புக்கு நாம் கட்டும் சந்தாவே இந்த நிதி. சந்தா கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையுண்டு. எந்தச் சங்கமானாலும் வரவு செலவை அச்சடித்து வெளியிடச் சொல்லுங்கள். வெளியிடாதவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். உண்டியல் கணக்கைக் கேட்கத் தெரியாததால் கெட்டது போதும்.

கடைசியாக, ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நிதிக்குப் பணம் அனுப்பிவிட்டு, வீட்டில் மனைவியைச் சோதனைக்கு அனுப்ப வெட்கப்படுகிறவர்கள் கொடுத்த பணத்தால் அந்த வீட்டுக்கு ஒரு பயனுமில்லை. மார்பில் கட்டி, அகாலத்தில் இரத்தப்போக்கு, வாயில் ஆறாத புண் ஆகிய இவற்றை மானம் போகுமென்று மறைத்து மறைத்தே நம் பெண்கள் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டில் தீர்மானம் செய்த இயக்கத்தார், அவள் உயிரில் அவளுக்குப் பங்கில்லாமல் செய்யலாமா? முப்பது வயதான பெண்களைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் பாப்பிலோமா தடுப்பூசி போடச் செய்யுங்கள். 2022-ல் நமது நாட்டிலேயே தயாரித்த ஊசிக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. உங்கள் வாயிலுள்ள புகையிலையை இன்றே துப்புங்கள்.

நமது தோழர்கள் நடத்தும் சுயமரியாதைத் திருமணங்களில் புரோகிதச் செலவும் ஓமச் செலவும் மிச்சமாகின்றன. அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை மணமக்கள் பெயரால் புற்றுநோய் நிதிக்கு அனுப்பி, இரசீதை அன்றைய கூட்டத்திலேயே வாசித்துக் காட்டுவது என்று ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தீர்மானிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.